தொங்குகிறதா, வற்றியிருக்கிறதா?

கேள்வி: எனக்கு வயது 58. சர்க்கரைக்காக எடையைக் குறைத்ததில் கன்னம் ஒட்டி, தாடையோரம் சதை தொங்குகிறது. 2 மாதத்தில் மகள் கல்யாணம். ஒரு கிளினிக்கில் 6 சிரிஞ்ச் ஃபில்லர் 1.5 லட்சம், இந்த வாரமே கட்டினால் தள்ளுபடி என்கிறார்கள். அக்கா மகளோ, “ஒரேயடியா ஃபேஸ்லிஃப்ட் பண்ணிடுங்க சித்தி” என்கிறாள். எது உருப்படி?

பதில்: தள்ளுபடியை விடுங்கள். கைக்கண்ணாடி ஒன்றை எடுத்துக்கொண்டு கட்டிலில் மல்லாந்து படுங்கள். தாடைக்கோடு பழையபடி தெரிந்தால் உங்கள் குறை தொய்வு. படுத்த பிறகும் கண்ணுக்குக் கீழும் கன்னத்திலும் குழி அப்படியே இருந்தால் அது வற்றல். உங்கள் வயதில் பெரும்பாலும் இரண்டும் கலந்தே இருக்கும். கடைவாய்ப் பற்கள் விழுந்திருந்தால் முதலில் பல் டாக்டரைப் பாருங்கள். பல் கட்டியதிலேயே கன்னம் கொஞ்சம் நிமிரும்.

ஃபில்லர் என்பது தோலுக்கு அடியில் ஊசியால் ஏற்றும் ஜெல். அது குழியை நிரப்பும். தொங்கும் சதையைத் தூக்கி நிறுத்தாது. ஒரு சிரிஞ்ச் என்பது வழக்கமாக 1 மில்லி. ஆறும் சேர்ந்தால் ஒரு டீஸ்பூனைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். தொய்வை அதைக் கொண்டு சரிசெய்யப் பார்ப்பது, தொளதொளத்த தலையணை உறையைப் பஞ்சடைத்து இறுக்குவது போல. முகம் உப்பும், தாடை தொங்கியபடியே இருக்கும். பரவலாகப் போடப்படும் ஹயலுரானிக் அமில வகை 6 முதல் 18 மாதத்தில் கரைந்துவிடும். பிறகு மறுபடியும் செலவு.

ஃபேஸ்லிஃப்டில் தோலுக்கு அடியிலுள்ள படலத்தையே இழுத்துத் தைத்து, மிஞ்சிய தோலை வெட்டுகிறார்கள். பலன் பல வருஷம் நிற்கும். ஆனால் குழி நிரம்பாது. அதற்குச் சில டாக்டர்கள் உங்கள் கொழுப்பையே எடுத்துக் கூடவே வைப்பார்கள். வீக்கமும் கன்றலும் வெளியே தெரியாமல் அடங்க 2, 3 வாரம் ஆகும், முழுதாக வடிய மாதங்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் புண் ஆறத் தாமதமாகும், பிபி ஏறினால் உள்ளே ரத்தம் கட்டும். அரிதாக முக நரம்பும் பாதிக்கப்படலாம்.

கல்யாணத்துக்கு முன் கத்தி வேண்டாம் என்பேன். எடையும் ஒரு நிலைக்கு வரட்டும். குழி உறுத்தினால் ஓரிரு சிரிஞ்ச் மட்டும், குறைந்தது ஒரு மாதம் முன்பே. தாடைக்கு இப்போது பணம் கொட்டாதீர்கள். பிறகு பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஹெச். அல்லது டி.என்.பி. முடித்தவரிடம் பேசலாம்.

ஃபில்லர் தவறி ரத்தக்குழாயை அடைத்தால் தோல் அழுகும், அபூர்வமாகப் பார்வையும் போகும். ஹயலுரானிக் அமில ஃபில்லரைக் கரைக்கும் ஹயலுரானிடேஸ் ஊசி கையிருப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். தடுமாறினால் எழுந்து வந்துவிடுங்கள். ஃபில்லர் டப்பாவை உங்கள் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லி, பேட்ச் எண் ஸ்டிக்கரைப் பில்லில் ஒட்டி வாங்குங்கள்.