அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்: மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை, கேள்வி பதில்

புதுச்சேரியில் அறுவை சிகிச்சை வார்டில் 26 ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். என் தங்கைக்கு இந்த நோய் வந்தபோது கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலிலும் உட்கார்ந்திருக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. உங்கள் ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருக்கும் மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று என்னால் சொல்ல முடியும்.

நெல்லிக்குப்பம், ஒரு மகள்: சிஸ்டர், அம்மாவுக்கு 58 வயது. இடது மார்பில் 2 சென்டிமீட்டர் கட்டி, புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது. கட்டியை மட்டும் எடுக்கலாம், முழு மார்பையும் எடுக்கலாம், நீங்களே முடிவு செய்யுங்கள் என்கிறார் டாக்டர். பெரியப்பாவும் சித்தியும் "இந்த வயதில் அது எதற்கு, வேரோடு எடுத்துவிடுங்கள்" என்கிறார்கள்.

"இந்த வயதில் அது எதற்கு" என்ற பேச்சை வார்டில் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கொதிக்கும். அது உங்கள் அம்மாவின் உடம்பு. அவர் இன்னும் வாய் திறக்கவில்லை என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. முதலில் அவரைத் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள்.

முழுதாக எடுத்தால்தான் உயிர் நிலைக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் என்ற அறுவை மருத்துவரின் குழு, இரண்டு விதமாகவும் சிகிச்சை பெற்ற பெண்களை 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2002-இல் முடிவை வெளியிட்டது. உயிரோடு இருந்தவர்கள் கணக்கில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. அதே ஆண்டு இத்தாலியின் வெரோனேசி குழு வெளியிட்ட ஆய்வும் இதையே சொன்னது. ஒரு நிபந்தனை உண்டு: கட்டியை மட்டும் எடுத்தால் பொதுவாகக் கதிர்வீச்சு, நம் ஊரில் சொல்வதுபோல "கரண்ட்", வைத்துக்கொள்ள வேண்டும். ஃபிஷரின் ஆய்வில் கரண்ட் வைத்துக்கொண்டவர்களில் 100-க்கு 14 பேருக்கு அதே மார்பில் நோய் திரும்பியது. வைத்துக்கொள்ளாதவர்களில் 39 பேருக்குத் திரும்பியது.

ஆகவே அம்மா தினமும் கரண்டுக்கு வந்து போக முடியுமா என்று பாருங்கள். முன்பு ஐந்து வாரம் வைத்தார்கள். இப்போது பலருக்கு மூன்று வாரத்தில், 15 முறையில் முடிந்துவிடுகிறது. நெல்லிக்குப்பத்திலிருந்து கடலூர் வந்து, பஸ் மாறிப் புதுச்சேரி வந்து, அங்கிருந்து கோரிமேட்டில் ஜிப்மர் வரை போவது ஒரு நாள் வேலை. கூட யார் வருவார்கள், புதுச்சேரியில் தங்க உறவினர் வீடு உண்டா என்று இப்போதே யோசியுங்கள். அலைச்சலுக்குப் பயந்து மார்பை முழுதாக எடுத்த பலருக்கும், அக்குளில் நெறிக்கட்டிகளில் நோய் இருந்ததால் பிறகு கரண்ட் வைக்கத்தான் வேண்டியிருந்தது. "முழுதாக எடுத்தாலும் எனக்குக் கரண்ட் தேவைப்படுமா?" என்று அம்மாவே மருத்துவரிடம் கேட்கட்டும்.

என் தங்கைக்கு ஓர் இடத்தில் மாலையில் ரிசல்ட் சொன்னார்கள். மறுநாள் காலையில் ஆபரேஷன் படிவத்தை நீட்டினார்கள். பதற்றத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாள். வேறு வழி இருந்தது என்று பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. பல ஆண்டுகளாக வளர்ந்த கட்டி, நீங்கள் ஒன்றிரண்டு வாரம் யோசிப்பதால் கை மீறிப் போய்விடாது. மாதக்கணக்கில் தள்ளுவதுதான் ஆபத்து.

கடலூர் முதுநகர்: ஊசி குத்திச் சதை எடுத்தால் நோய் பரவிவிடும் என்கிறார்களே?

பரவாது. அந்தச் சதையைப் பார்த்தால்தான் ஹார்மோன் மருந்து கேட்கும் நோயா, ஹெர்-2 என்ற புரதம் மிகுந்த வகையா, இரண்டும் இல்லாததா என்று தெரியும். அது தெரியாமல் ஆபரேஷனுக்குப் படுப்பது, எந்த ஊர் என்று பார்க்காமல் பஸ் ஏறுவது மாதிரி.

வில்லியனூர்: நான்கு கீமோ முடிந்ததும் கட்டி கைக்கே தட்டுப்படவில்லை. இனி ஆபரேஷன் எதற்கு?

நல்ல செய்திதான். ஆனால் கைக்குத் தட்டுப்படாததும் உள்ளே செல் இல்லாததும் ஒன்றல்ல. எடுத்த சதையைச் சோதித்த பிறகுதான் அதைச் சொல்ல முடியும். அடுத்து என்ன மருந்து என்பதும் அந்த முடிவைப் பொறுத்தது. கட்டி இருந்த இடத்தில் சிறிய உலோகக் கிளிப் வைத்திருக்கிறார்களா என்று உடனே கேளுங்கள். அது இருந்தால் அந்த இடத்தைத் தேடி எடுப்பது எளிது.

பாகூர், ஒரு கணவர்: மனைவிக்கு 41 வயது. நோய் இல்லாத இன்னொரு மார்பையும் சேர்த்து எடுத்துவிடச் சொல்லி அழுகிறாள்.

தம்பி, அந்தப் பயத்தைக் குறைத்துப் பேசாதீர்கள். கூடவே உண்மையையும் சொல்லுங்கள். மறு மார்பை எடுப்பதால், இப்போதுள்ள நோய் எலும்புக்கோ நுரையீரலுக்கோ போவதைத் தடுக்க முடியாது. மறுபக்கம் புதிதாக வரும் வாய்ப்பு பெரும்பாலோருக்கு ஆண்டுக்கு 1 சதவீதத்துக்கும் குறைவு. பிஆர்சிஏ என்ற மரபணுவில் பரம்பரையாக வரும் மாற்றம் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. உங்கள் மனைவியின் வயதுக்கு அந்தச் சோதனையைக் கேட்டுப் பெறலாம். ரிசல்ட் வந்த பிறகு இருவரும் முடிவெடுங்கள்.

முத்தியால்பேட்டை: முள்சீத்தா இலைக் கஷாயம் போதும் என்கிறார் ஒருவர்.

போதாது. கட்டி சிறிதாக இருந்தபோது கஷாயம் குடித்துக் காத்திருந்து, புண்ணாகி உடைந்த பிறகு வந்தவர்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். தயவு செய்து மருத்துவமனைக்குப் போங்கள்.

லாஸ்பேட்டை, 62 வயது ஆண்: காம்புக்கு அடியில் வலியில்லாத கட்டி. வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஐயா, இந்த நோய் ஆண்களுக்கும் வரும், குறைவுதான் என்றாலும். இந்த வாரமே காட்டுங்கள்.

பண்ருட்டி: முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை. மார்போடு அக்குளிலும் எடுத்திருக்கிறார்கள். கை வீங்கிவிடும், இனி வேலையே கூடாது என்கிறார்கள். வேலைக்குப் போகாமல் எப்படி?

வேலையே கூடாது என்பது சரியல்ல அம்மா. எத்தனை நெறிக்கட்டி எடுத்தார்கள் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் பாருங்கள். நோய் முதலில் போய்ச் சேரும் நெறிக்கட்டியை நீல மருந்து ஊசி போட்டு அடையாளம் கண்டு, ஒன்றிரண்டு மட்டும் எடுத்திருந்தால் வீக்கம் வரும் வாய்ப்பு குறைவு. அக்குள் முழுவதும் எடுத்திருந்தால் கூடுதல் கவனம் வேண்டும்.

உங்கள் தொழிலில் நான் பயப்படுவது கொட்டையின் தோட்டிலிருந்து வரும் எண்ணெய்க்குத்தான். அது பட்டால் தோல் வெந்துவிடும். சாம்பல் தடவிக்கொள்வது மட்டும் போதாது. ஆபரேஷன் பக்கத்துக் கையில் ஒரு சிறு புண் வந்தாலும், அதன் வழியாகக் கிருமி ஏறி வீக்கம் தொடங்கலாம். முழங்கை வரை வரும் தடித்த ரப்பர் கையுறையை முதலாளியிடம் கேட்டு வாங்குங்கள். இது பிச்சையல்ல.

ஆபரேஷன் இடத்தில் நீர் வடிய வைத்த டியூபை எடுத்த பிறகு, மருத்துவர் சரி என்றதும், சுவரைப் பார்த்து நின்று விரல்களை எறும்பு ஊர்வதுபோல மேலே கொண்டுபோங்கள். எட்டிய இடத்தில் அடுப்புக்கரியால் கோடு போடுங்கள். என் தங்கை வீட்டுச் சுவரில் அந்தக் கோடுகள் ஏணிப்படி போல இன்னும் இருக்கின்றன. எடை தூக்குவதைச் சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டலாம். முதல் நாளே மூட்டையைத் தூக்காதீர்கள்.

வீக்கம் வருவதை முதலில் வளையல் சொல்லும். தினமும் சுலபமாக ஏறிய வளையல் இறுகினாலோ, ரவிக்கைக் கை பிடித்தாலோ, அந்த வாரமே போய்க் காட்டுங்கள். ஆரம்பத்தில் கட்டுப் போட்டு, நீவிவிட்டுக் குறைக்க முடியும். கை சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால், வாரம் வரை பொறுக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.