டோக்கியோவில் முந்திப் போன லெடெக்கியை டிட்மஸ் கடைசியில் எப்படிப் பிடித்தார்?

கேள்வி 2021 ஜூலையில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் பெண்கள் 400 மீட்டர் ஃப்ரீஸ்டைல் இறுதியைப் பற்றியது. பாதித் தூரத்தில் அமெரிக்காவின் கேட்டி லெடெக்கிதான் முன்னால். 350 மீட்டர் திருப்பத்தில் ஆஸ்திரேலியாவின் அரியார்ன் டிட்மஸ் முந்திவிட்டார். முடிவு (நிமிடம்:நொடி): டிட்மஸ் 3:56.69, லெடெக்கி 3:57.36. வித்தியாசம் 0.67 நொடி.

கடைசியில் திடீரென வேகம் கூட்டினார் என்று பலர் நினைக்கிறார்கள். என் கணிப்பில், டிட்மஸ் தொடக்கத்தில் அளவோடு நீந்திச் சக்தியைச் சேமித்ததுதான் முக்கியக் காரணம். 50 மீட்டர் குளத்தில் எட்டு நீளம். அவருடைய சராசரி ஒரு நீளத்துக்கு ஏறக்குறைய 29.6 நொடி. பாய்ந்து தொடங்குவதால் முதல் நீளம் தானாகவே வேகமாக வரும். அந்த உற்சாகத்தில் இரண்டாவது, மூன்றாவது நீளத்தையும் அடித்து நீந்தினால் 250 மீட்டருக்குமேல் கடன் வசூலுக்கு வரும்: முழங்கை தாழும், கை பிடிக்கும் தண்ணீர் குறையும், இடுப்பு இறங்கும். கையை வேகமாகச் சுற்றினாலும் ஆள் நகரமாட்டார்.

திருப்பங்கள் ஏழு. மூச்சு முட்டுகிறவர் சுவரை உதைத்ததும் அவசரமாக மேலே வருவார். உதையில் கிடைத்த வேகம் அங்கேயே வீண். தண்ணீருக்கடியில் 15 மீட்டர் வரை போக விதி அனுமதிக்கிறது. ஆனால் 400 மீட்டரில் அவ்வளவு தூரம் போவது மூச்சுக்குக் கட்டுப்படியாகாது.