மருந்து ஆய்வகத்திலிருந்து: வாசகர் கேள்வி

கேள்வி: என் தம்பி ஒரு மருந்து ஆய்வில் பாலிபெரிடோன் (மனச்சிதைவு நோய்க்கான மருந்து) ஊசி போட்டுக்கொண்டான். போட்டது ஒரே ஊசி. ரத்தம் கொடுக்க மட்டும் மாதக்கணக்கில் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் போய்வருகிறான். எதற்கு?
- வாசகி, ஏற்காடு

பதில்: மழை விட்ட பிறகும் கிளியூர் அருவி கொட்டுவதைப் பார்த்திருப்பீர்களே, அம்மா? அதே கதைதான். இதே மருந்தை மாத்திரையாக விழுங்கினால், ரத்தத்தில் உச்சம் தொட்ட பிறகு ஏறக்குறைய ஒரு நாளில் பாதியாகிவிடும். மாதம் ஒருமுறை போடும் ஊசியோ தசையில் தங்கி மெள்ளக் கரையும். உச்சம் தொடவே 13 நாள் போல ஆகும். பாதியாகக் குறைய 25 முதல் 49 நாள். அந்த இறக்கத்தைச் சரியாகக் கணிக்க மூன்று நான்கு மாதமாவது தொடர வேண்டும். பாதியில் விட்டால் கணக்கு பொய்யாகும். அதனால் முதல் சில வாரம் அடிக்கடி, பிறகு இடைவெளி விட்டு எடுப்பார்கள்.

பஸ் தவறி இரண்டு நாள் தாமதமானாலும் குடி முழுகாது. ஆனால் எடுத்த தேதி, மணி, நிமிடம் உள்ளபடி பதிவாக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஒருமுறை அட்டவணையில் இருந்த நேரத்தையே எழுதிவைத்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். டியூபில் என்ன எழுதுகிறார்கள் என்று தம்பியை எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.