மாத்தின சுவிச்சும் மாறி ஓடுற கண்ணாடியும்

கேள்வி: அண்ணை, என்ர பழைய காருக்கு ட்ரைவர் பக்க பவர் ஷட்டர் சுவிச் பழுதாப்போய் வேற மொடல் ஒண்டின்ர பழைய சுவிச் வாங்கிப் போட்டன், சொக்கட் சரியாப் பொருந்துது, ஆனா இடப்பக்கக் கண்ணாடி ஏத்த அமத்தினா இறங்குது. மோட்டர் பழுதோ?
- வாசகர், மாங்குளம்

பதில்: தம்பி, ரெண்டு பக்கமும் ஓடுதெண்டா மோட்டர் நல்லாத்தான் இருக்கு, அதுக்குக் காசு செலவழிக்காதேங்கோ. சொக்கட் பொருந்தினாலும் உள்ளுக்க வயர் பூட்டியிருக்கிற பின்னுகளின்ர (சின்ன உலோக முனையளின்ர) ஒழுங்கு மொடலுக்கு மொடல் மாறும். கனக்க கார்களில சுவிச்சை அமத்தாம விட்டா மோட்டருக்குப் போற ரெண்டு வயரும் ஏர்த்தில இருக்கும், அமத்தேக்க ஒண்டுக்கு மட்டும் 12 வோல்ட் போகும், மற்றது ஏர்த்திலயே நிக்கும், ஏத்திறதுக்கு எந்தப் பின், இறக்கிறதுக்கு எந்தப் பின் எண்டு பழைய சுவிச்சையும் இப்ப போட்டதையும் பக்கத்தில வச்சு மீட்டரால பாருங்கோ. பிறகு ட்ரைவர் பக்க சொக்கட்டில இடப்பக்கக் கண்ணாடிக்குரிய அந்த ரெண்டு பின்னையும் கழட்டி இடம் மாத்துங்கோ, வயரை வெட்டாதேங்கோ. மோட்டரடியில மாத்தினா இடப்பக்கக் கதவுச் சுவிச் தலைகீழா வேலை செய்யும், ரெண்டு சுவிச்சும் ஒரே மோட்டரைத்தான் ஓட்டுது. கதவைக் கழட்டின கையோட கண்ணாடி ஓடுற ரப்பருக்க இருக்கிற செம்மண் புழுதியையும் துடைச்சு விடுங்கோ, எங்கட றோட்டுக்கு அது கட்டாயம், இறுகினா மோட்டர் சூடாகி பியூஸ் போகும். போனாலும் அம்பியர் கூடின பியூஸ் மட்டும் போட்டிடாதேங்கோ, வயர் எரிஞ்சிடும்.