வயசான காலத்துல பவர் (நமக்குப் பதிலா வேலை பாக்க இன்னொருத்தருக்கு அதிகாரம் தர்ற பத்திரம்) எழுதறது: கேள்வி பதில்

கோபிசெட்டிபாளையம்: அப்பாவுக்கு 78 வயசுங்க. தோட்டத்து வேலைக்காக எனக்குப் பவர் தரேங்கறார். பொதுப் பவரா எழுதிக்கலாமா?

வேண்டாங்க. நடக்க வேண்டிய வேலையை மட்டும் எழுதுங்க: பட்டா மாறுதல், மோட்டார் கரண்ட் சர்வீஸ்ல பேர் மாத்தறது, குத்தகைப் பணம் வாங்கறது. "விற்கவோ, அடமானம் வைக்கவோ, தானம் எழுதவோ அதிகாரம் இல்லை"ன்னு ஒரு வரி கண்டிப்பா இருக்கட்டும். சர்வே எண், பரப்பு, சக்குபந்தி (நாலு பக்க எல்லை) எல்லாம் மூலப்பத்திரத்துல இருக்கறபடியே வரணும். கூட்டுக் கிணத்துல பங்கு, வண்டித்தடம் இருந்தா விட்டுறாதீங்க. அந்த வரி இல்லீன்னா பின்னால அதுக்காகக் கையெழுத்துப் போட உங்களுக்கு அதிகாரம் இல்லை. நிலம், வீடு சம்பந்தப்பட்ட பவரைத் தமிழ்நாட்டுல பதிவு பண்ணியே ஆகணும், நோட்டரி முத்திரை பத்தாது. அப்பாவால நடக்க முடியலீன்னா மருத்துவச் சான்றோட மனுக் கொடுங்க. பதிவுச் சட்டம் 33-ஆம் பிரிவுப்படி சார்பதிவாளர் வீட்டுக்கே வரலாம்.

பெருந்துறை: அம்மாவுக்கு நினைவு தப்பிருச்சு. போன வருஷத்துப் பவரை வெச்சுக் கிரயம் பண்ணலாமா?

பண்ண முடியாதுங்க. 1872 ஒப்பந்தச் சட்டம் 201-ஆம் பிரிவு: கொடுத்தவர் இறந்தாலும், புத்தி சுவாதீனம் போனாலும் பவர் முடிஞ்சுது. நினைவு போன பின்னாலயும் நீடிக்கற பவர் சில நாடுகள்ல உண்டு, இங்க இல்லை. இனி கோர்ட் மூலமா காப்பாளர் நியமனந்தான். இப்பக் கைரேகை வாங்கிப் புதுப் பவர் போடலாம்னு யாராச்சும் சொன்னா ஒத்துக்காதீங்க, கிரிமினல் வழக்குல மாட்டுவீங்க.

பல்லடம்: அப்பா இறந்துட்டார், பவர் என் பேர்ல இருக்குங்க.

செல்லாது. வாரிசுச் சான்றுக்கு மனுப் போடுங்க.

அவினாசி: அப்புச்சிக்குக் கை நடுங்குது. பென்ஷன் எடுக்கப் பவர் வேணுமா?

வேண்டாங்க. பேங்குல ரெண்டு சாட்சியோட பெருவிரல் ரேகை வெச்சே எடுக்கலாம். சாட்சில ஒருத்தர் பேங்க் அதிகாரியா இருக்கணும்.

உடுமலை: எதுக்கு இத்தனை? பையன் பேருக்கு செட்டில்மென்ட் (சொத்தை இப்பவே எழுதிக் கொடுக்கற பத்திரம்) எழுதிட்டா முடிஞ்சுதுங்களே.

பவருங்கறது வேலைக்கு ஆள் வெக்கறது. செட்டில்மென்ட்ல சொத்தே போயிருதுங்க, நினைச்சப்ப ரத்துப் பண்ண முடியாது. எழுதித்தான் ஆகணும்னா, "சாப்பாடு, வைத்தியம் பாக்கணும்"ங்கற நிபந்தனையைப் பத்திரத்துலயே எழுதுங்க. அப்பத்தான் பாக்காம விட்டா, 2007 முதியோர் சட்டம் 23-ஆம் பிரிவுல கோட்டாட்சியர்கிட்டப் போகலாம்.

உடுமலை: பெத்த பையனை நம்பலீன்னா எப்படிங்க?

பையன் நல்லவராவே இருக்கட்டுங்க. அவர் வாங்கின கடனுக்கு அந்தத் தோட்டம் ஜப்திக்குப் போகலாமில்ல? உங்களுக்கு முன்னால அவர் போயிட்டா யார்கிட்டக் கேப்பீங்க? ஆயுசு முச்சூடும் வீட்டுல குடியிருக்கவும் வெள்ளாமை வருமானம் எடுத்துக்கவும் உங்களுக்கு உரிமைன்னு எழுதாம கையெழுத்துப் போடாதீங்க.

காங்கேயம்: அப்பா கோமால இருக்கார், பவர்...

பெருந்துறைக்காரருக்குச் சொன்னதைப் படிங்க.

தாராபுரம்: பையனுக்குக் கொடுத்த பவரை மாத்தி மகளுக்குக் கொடுக்கணுங்க.

முதல்ல ரத்துப் பத்திரம், பவர் பதிவான அதே ஆபீசுல. அப்பறம் மகள் பேருக்குப் புதுப் பவர். பழைய அசலைக் கையில வாங்கிருங்க. ரத்தானது பையனுக்குத் தெரியற வரைக்கும் அவர் செஞ்சது உங்களைக் கட்டும், அதனால ஒப்புகையோட தபால்ல நோட்டீஸ் அனுப்புங்க. குத்தகைக்காரருக்கும் பேங்குக்கும் ஒரு நகல். வில்லங்கச் சான்று போட்டு ரத்து ஏறியிருக்கான்னு பாத்துட்டுத்தான் ஃபைலை மூடணும்.