மொட்டைக்கழுத்துக் கோழி: வன்னியிலிருந்து நான்கு கேள்விகள்

சேவல், பேடு இரண்டுக்கும் கழுத்தில் இறகில்லை. அடைவைத்த 12 முட்டையும் பொரித்தன. ஆனால் 3 குஞ்சுக்குக் கழுத்து நிறைய இறகு! பக்கத்து வளவுச் சேவலின் வேலையா? (நெடுங்கேணி)

அந்தச் சேவலில் பழி போடாதீர்கள். உங்கள் சோடியின் கழுத்து முன்பக்கம், தீன்பைக்குச் சற்று மேலே பாருங்கள். சின்னதாக ஒரு கொத்து இறகு இருந்தால், தாய் தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் மொட்டைக்குணம் வாங்கிய கோழி அது. அப்படி இரண்டு சேர்ந்தால் சராசரியாக நாலில் ஒரு குஞ்சு முழு இறகோடு வரும். உங்களுக்குக் கணக்கு அச்சொட்டாக விழுந்திருக்கிறது. கொத்தே இல்லாத வெறுங்கழுத்துச் சேவலைச் சேர்த்தால் குஞ்சு எல்லாமே மொட்டைக்கழுத்துத்தான். ஆனால் கையில் நாலைந்து கோழிதான் என்றால், கொத்து உள்ளதையும் கழித்துவிடாதீர்கள்.

8 பேட்டுக்கு ஒரே சேவல். போதுமா? (மல்லாவி)

இந்த வருடத்துக்குப் போதும். அடுத்த வருடம் தன் குஞ்சுகளில் வளர்ந்த பேடுகளோடே சேரும், அங்கேதான் பிழை வருகிறது. நல்ல சேவல் என்று ஒன்றை நான் ஐந்து வருடம் மாற்றாமல் வைத்திருந்தேன். கடைசியில் 11 முட்டை வைத்து 4 பொரித்தது. மற்ற முட்டைகளை உடைத்துப் பார்த்தால், பாதி வளர்ந்து செத்த குஞ்சுகள். சேவலை வேறு ஊரோடு மாற்றுங்கள். அதைவிட முட்டையை மாற்றுவது சுகம்: உமியில் புதைத்துக் கொண்டுவந்து, இட்டு ஒரு கிழமைக்குள் உங்கள் அடைக்கோழிக்கு வைத்துவிடலாம். சேவலோடு வரும் பேன் வராது.

காட்டுக்கோழிச் சேவல் வளவுக்குள் வருகிறது. பிடித்துச் சேர்த்தால் இனம் திடமாகுமா? (முத்தையன்கட்டு)

வேண்டாம். சிவந்த கொண்டை நடுவே மஞ்சள் தெரிகிறதே, அது இலங்கையின் தேசியப் பறவை; பிடிப்பது சட்டப்படி குற்றம். இனமும் வேறு. கலந்தால் உங்கள் கோழிதான் கெடும்.

முட்டைக்குப் பண்ணைச் சிவப்புக் கோழி இருக்க மொட்டைக்கழுத்தை ஏன் மினக்கெட்டு வளர்க்கவேண்டும்? (விசுவமடு)

முட்டை எண்ணிக்கையில் இது தோற்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆவணி வெயிலில் இரண்டையும் பக்கத்தில் விட்டுப் பாருங்கள். சிவப்புக் கோழி செட்டையை விரித்து வாயைப் பிளந்து நிற்கும். இது வேலியோரம் கிளறிக்கொண்டிருக்கும். கழுத்துத் தோலால் சூடு வெளியே போய்விடும். அப்புறம், இது தானே அடைகிடந்து 21ஆம் நாள் பொரிக்கும். சிவப்புக் கோழிக்கு அடைகிடக்கும் குணத்தையே கழித்துவிட்டார்கள். ஒவ்வொரு தரமும் குஞ்சுக்குக் காசு கொடுக்கவேண்டும்.