கடையில் வாங்கிய நீர்ச்செடியைக் கழுவிவிட்டு நேராக மீன் தொட்டியில் வைக்கலாமா?

வைக்காதீர்கள். ஒரு வாளியும் 3 வாரப் பொறுமையும் வேண்டும். மருந்தெல்லாம் இரண்டாம்பட்சம்தான்.

எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறை. வாய்க்காலில் ஹைட்ரில்லா சும்மா கிடக்கும்போது காசு கொடுத்து வாங்குவானேன் என்று ஒரு கை அள்ளி வந்து, குழாயடியில் அலசி, கப்பிக் குஞ்சுகள் இருந்த தொட்டியில் போட்டேன். 30 குஞ்சுகள் 10 நாளில் 6 ஆகிவிட்டன. பெரிய மீன்கள் மேல் சந்தேகப்பட்டு அவற்றைப் பிரித்தும் வைத்தேன். ஒரு ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: தண்டோடு தண்டாக ஒட்டிக்கொண்டிருந்தது தட்டான்பூச்சியின் இளம்புழு. கீழுதட்டைக் கொக்கி மாதிரி நீட்டிக் குஞ்சைப் பிடிக்கும். சின்ன வயதில் தட்டான் வாலில் நூல் கட்டி விளையாடிய பாவம், வேறென்ன.

கடைச் செடியிலும் இது வரலாம். முதலில் தண்டைச் சுற்றியிருக்கும் ஈயப் பட்டையைக் கழற்றுங்கள். அது இறுக்கிய இடம்தான் முதலில் அழுகும். சின்னப் பிளாஸ்டிக் சட்டியில் விற்கும் செடி என்றால் வேரைச் சுற்றிய பஞ்சை முழுக்க எடுத்துவிடுங்கள். அழுகிய இலைகளைக் கிள்ளிப் போடுங்கள். இலையின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், வழவழவென்று ஜவ்வு மாதிரி இருந்தால் நத்தை முட்டை. (சின்ன நத்தையால் மீனுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஒன்று நூறாகும்.)

நத்தை வேண்டாம் என்றால் படிகாரம் போதும். 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி தூள் கரைத்து 2, 3 மணி நேரம் ஊறவைத்து, நன்றாக அலசுங்கள். முட்டை சில தப்பும், அதற்குத்தான் வாளி. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை இளஞ்சிவப்பாகக் கரைத்து 10 நிமிடம் முக்குவதும் உண்டு; நத்தை முட்டைக்கு அதை நம்ப முடியாது. பிளீச் பக்கம் நான் போவதில்லை. மாஸ் (moss) வகைச் செடிகளும், நாடா மாதிரி இலையுள்ள வாலிஸ்னேரியாவும் அதில் கருகிவிடும்.

பிறகு மீன் இல்லாத வாளியில் வெளிச்சம் படும் இடத்தில் 3 வாரம். வாளியை வலை போட்டு மூடுங்கள், வாரம் இருமுறை தண்ணீரை முழுக்க மாற்றுங்கள். இல்லையென்றால் செடியோடு கொசுவும் வளர்ப்பீர்கள். தட்டான் முட்டை செடித் தண்டுக்குள்ளேயே இருக்கலாம், கழுவினால் போகாது. பொரிந்து வெளியே வரட்டும், வாளியிலேயே பிடித்துவிடலாம். இறால் வளர்ப்பவர்கள் இதைத் தவிர்க்கவே கூடாது. நர்சரியில் அடித்த பூச்சிமருந்து கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் இறால் செத்துவிடும். தண்ணீர் மாற்ற மாற்ற அது குறையும். இடையில் இலைகள் கரைந்தால் பதறாதீர்கள். தண்ணீருக்கு வெளியே வளர்த்த செடி பழைய இலையை உதிர்த்துவிட்டுப் புதிதாகத் துளிர்க்கும்.

இன்னொன்று. வெட்டிய தண்டுகளையும் வாளித் தண்ணீரையும் வாய்க்காலில் கொட்டாதீர்கள், அங்கே பரவிவிடும். கோழிக்கோடு மாவட்டத்தில் ஆவளப்பாண்டி என்ற சதுப்பு வயல்வெளி 2020-இல் இளஞ்சிவப்பாகப் பூத்ததே, எல்லோரும் போய்ப் போட்டோ எடுத்தார்களே, அது தென் அமெரிக்கக் கபோம்பா. மீன் தொட்டிக்கு விற்கிற இனம்தான். நான் எல்லாவற்றையும் வெயிலில் காயவைத்துத் தென்னை மூட்டில் போட்டுவிடுகிறேன்.